பாடம் நடத்திய விமானம்

காலையில் விமானம் கிளம்பியாக வேண்டும். கிளம்பாவிட்டால் ஸ்பானிஷ் பாடம் கிடையாது.

தமாஷ் இல்லை. 1961-ம் வருஷம் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நிஜமாகவே இப்படியொரு ஏற்பாடு இருந்தது. பர்டியூ பல்கலைக் கழகத்தின் விமானத் தளத்திலிருந்து டிசி-6 ரக விமானம் ஒன்று புறப்படும். மாண்ட்பீலியர் என்கிற குட்டி ஊருக்கு மேலே போய், 23 ஆயிரம் அடி உயரத்தில், எட்டு போட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பிக்கும். டிரைவிங் லைசென்ஸ் வாங்க ஆர்.டி.ஓ. மைதானத்தில் போடுவோமே, அதே எட்டு. விமானத்தின் வயிற்றிலிருந்து நீளமாக ஒரு ஆன்டெனா கீழே இறங்கும். உள்ளே பயணிகள் யாரும் கிடையாது. ஸீட்டுகள் இருந்த இடத்தில் வீடியோ டேப் மெஷின்களும் டிரான்ஸ்மிட்டர்களும். டேப்பை ஓட்டினால் சுற்றுவட்டாரத்தில் சுமார் 200 மைலுக்குப் பள்ளிக்கூட டிவிகளில் பாடம் தெரியும். இண்டியானா, இல்லினாய், ஒஹையோ, மிச்சிகன், கென்டக்கி, விஸ்கான்சின் என்று ஆறு மாநிலங்களின் பகுதிகள் அந்த வட்டத்துக்குள் வந்தன.

மேலே இருப்பவர்களுக்கு இது சாகசம். சந்தேகமே இல்லை. விமானம் திரும்பும்போது சாய்ந்தாலும் ஆன்டெனா மட்டும் செங்குத்தாகவே தொங்கவேண்டும் என்பதற்காக ஜைரோஸ்கோப் எல்லாம் வைத்து அசத்தியிருந்தார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

கீழே வகுப்பறையில் ஒரு டீச்சர் நின்றுகொண்டிருந்தாரே, அவரை யாராவது பார்த்தார்களா?

முன்கூட்டியே தபாலில் வந்த கையேட்டைப் படித்து, இன்றைக்கு டிவியில் என்ன வரும் என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்னால் பத்து நிமிஷம் என்ன பேசுவது, பின்னால் என்ன கேள்வி கேட்பது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். பனி கொட்டுகிறது. விமானம் ஏறுமா, ஏறாதா? ஏறினாலும் கூரைமேல் நட்ட ஆன்டெனா ஒழுங்காகத் திரும்பியிருக்கிறதா? எதிரே முப்பது பிள்ளைகள். படம் வராவிட்டால் அந்த அரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

பள்ளிக்கூடத்துக்குள் இயந்திரம் நுழைந்த சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்தவர்கள், விற்றவர்கள், அல்லது ரிப்பன் வெட்டியவர்கள். அதை வைத்துக்கொண்டு நாளைக்குக் காலையில் பாடம் நடத்தவேண்டிய ஆசாமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும்.

ஆரம்பத்திலிருந்தே வருவோம். ஆரம்பம் என்றால் தாமஸ் ஆல்வா எடிசன்.

1913-ல் எடிசன் ஒரு பேட்டி கொடுத்தார். இனிமேல் பள்ளிக்கூடத்தில் புத்தகமே இருக்காது, எல்லாம் சினிமாதான், இன்னும் பத்து வருஷத்தில் கல்வி முறை அடியோடு மாறிவிடும் என்றார். பத்து வருஷம் கிட்டத்தட்ட ஓடிப்போய் 1922 வந்தது. எதுவும் மாறவில்லை. மனிதர் அசரவில்லையே! சினிமா சீக்கிரமே பாடப் புத்தகத்தின் இடத்தைப் பிடித்துவிடும் என்று மறுபடியும் சொன்னார். புத்தகத்தால் கிடைக்கும் பலன் நூற்றுக்கு இரண்டு சதவிகிதம்தான், சினிமாவில் நூற்றுக்கு நூறு கிடைக்கும் என்று ஒரு கணக்கு வேறு. எப்படி அளந்தார் என்று கேட்கக் கூடாது. படம் எடுக்கும் கம்பெனி வைத்திருந்தவர் சொன்ன கணக்கு அது. பள்ளிக்கூட பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தது மொத்தமே சில மாதங்கள்தான் என்பது உபரித் தகவல்.

எடிசனின் ஆசை முட்டாள்தனமானது என்று சொல்லமாட்டேன். எரிமலை வெடிப்பதைக் கரும்பலகையில் வரைவதும் கண்ணெதிரே காட்டுவதும் ஒன்றா? நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 1910-லேயே பள்ளிகளில் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது. சிக்கல் படத்தில் இல்லை. படப் பெட்டியில்.

அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. லேசாகச் சூடு அதிகமானாலே பற்றிக்கொள்ளும். தியேட்டர்களில் அதற்காகவே தீப்பிடிக்காத தனி அறை கட்டினார்கள். நாற்பது குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அதை வைத்து ஓட்ட எந்த டீச்சருக்கு தைரியம் வரும்? 1923-ல் கோடாக் கம்பெனி 16 மில்லிமீட்டர் ஃபிலிமைக் கொண்டுவந்தது. எளிதில் தீப்பிடிக்காத சரக்கு. நல்லது. பயம் போயிற்று. வேலை போகவில்லை.

வேலை என்றால் இதுதான். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டவேண்டும். புரொஜெக்டர் பள்ளிக்கு ஒன்று, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. முன்கூட்டியே பெயர் எழுதி வைத்து, மாடி ஏற்றி இறக்கிக் கொண்டுவரவேண்டும். ஃபிலிமைச் சக்கரங்களுக்கு நடுவே சரியாகக் கோர்க்கவேண்டும். நடுவில் அறுந்தால் ஒட்டவேண்டும். பல்பு எரிந்துபோனால்? அன்றைய கதை முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, படம் ஏதோ ஒரு தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டும். எரிமலைப் பாடம் அக்டோபரில் என்றால் எரிமலைப் படம் டிசம்பரில் வரும். டிசம்பரில் டீச்சர் நைல் நதியில் இருப்பார்.

அந்த டீச்சர் என்ன செய்வார்? வந்த படத்தைத் திருப்பியும் அனுப்ப முடியாது. நைல் நதியை ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு எரிமலையைக் காட்டுவார். அல்லது படத்தையே மறந்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பாடத்தை நடத்துவார். இரண்டில் எதைச் செய்தாலும், ‘இந்த டீச்சர்களுக்குப் புதுசாக எதையும் பயன்படுத்தத் தெரியவில்லை’ என்று யாராவது எழுதுவார்கள்.

அடுத்து வந்தது ரேடியோ. 1929 ஜனவரியில் ஒஹையோவில் ஆகாசவாணிப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கியது. நடத்தியவர் பெஞ்சமின் டாரோ. உண்மையிலேயே நல்ல மனிதர். 1932-ல் ஒரு புத்தகம் எழுதி அதற்கு ‘ரேடியோ: உதவி ஆசிரியர்’ என்று தலைப்பு வைத்தார். கவனியுங்கள், உதவி ஆசிரியர். எடிசன் மாதிரி யாரையும் வீட்டுக்கு அனுப்பப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே, 1930-ல், சி.பி.எஸ். நிறுவனம் நாடு முழுதும் கேட்கும்படி இப்படி ஒரு நிகழ்ச்சியை ஆரம்பித்தது. நம் ஊரிலும் தாமதமில்லை. 1930களின் கடைசியிலேயே அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பள்ளிகளுக்கென்று ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது.

ரேடியோவில் ஒரு பெரிய சங்கடம். அது யாருக்காகவும் நிற்காது. பத்து மணிக்கு நிகழ்ச்சி என்றால் பத்து மணிக்குத்தான். பத்தேகாலுக்குத்தான் உங்கள் பள்ளியில் அந்த பீரியட் என்றால், மன்னிக்கவும், போய்விட்டது. முன்கூட்டியே கேட்டுப் பார்க்க முடியாது. ‘புரியலை டீச்சர்’ என்று ஒரு பையன் எழுந்து நின்றால் நிறுத்தி, திருப்பிப் போட முடியாது. போதாக்குறைக்கு 1930களின் நடுவில் அமெரிக்க கிராமப்புறப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ரேடியோ பாடம் யாருக்கு அதிகம் தேவையோ, அந்தக் கிராமத்து ஓரறைப் பள்ளிக்கூடம் பேட்டரியை நம்பி இருந்தது.

1941-ல் ஒஹையோவின் பள்ளித் தலைமை ஆசிரியர்களிடம், ஏன் உங்கள் பள்ளியில் ரேடியோவை அதிகம் பயன்படுத்துவதில்லை என்று கேட்டார்கள். பாதிப்பேர் சொன்ன பதில்: ‘எங்களிடம் ரேடியோவே இல்லை.’ அடுத்தபடியாக டைம்டேபிள் ஒத்துவரவில்லை என்றார்கள். அடுத்து, இருக்கிற பெட்டி சரியில்லை. சிக்னல் தெளிவாக இல்லை என்றவர்களும் இருந்தார்கள். ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த புள்ளிவிவரம் இது. பெட்டி இல்லை, நேரம் சரியில்லை, பெட்டி இருந்தும் கரகரக்கிறது. இத்தனைக்கும் பிறகு பழி எங்கே போய் உட்கார்ந்தது தெரியுமா? ஆசிரியர்கள் மாற்றத்தை விரும்புவதில்லை! நான் படித்தது பி.காம். அந்தப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒருத்தர் கணக்கில் எழுதவேண்டிய பற்றை இன்னொருத்தர் கணக்கில் எழுதுவது. ஆடிட்டர் கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டார்.

ரேடியோ மானத்தைக் காப்பாற்றிய சம்பவமும் ஒன்று உண்டு. 1937 செப்டம்பர். சிகாகோவில் போலியோ பரவியது. பள்ளிகளைத் திறக்கவே பயந்தார்கள். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சுமார் 3 லட்சத்து 15 ஆயிரம் குழந்தைகள் வீட்டில். நகரத்து ரேடியோ நிலையங்கள் இலவசமாக நேரம் ஒதுக்கின. கால்மணி நேரப் பாடங்கள். தினசரிப் பத்திரிகைகள் எந்த வகுப்புக்கு எந்த நேரம், என்ன வீட்டுப்பாடம் என்று அச்சடித்துக் கொடுத்தன. சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி மையம் வைத்து, அங்கே ஆசிரியர்களை உட்கார வைத்தார்கள். ஃபோன் மணி ஓயவில்லை. ரேடியோ இல்லாத வீடுகள், சிக்னல் எட்டாத பகுதிகள், ஒரே ரேடியோவை வைத்துக்கொண்டு மூன்று குழந்தைகள் சண்டை போட்ட வீடுகள்... 2020-ல் நாம் அனுபவித்தது எதுவும் புதுசில்லை. செல்ஃபோனுக்குப் பதில் ரேடியோ என்று போட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

இப்போது விமானத்துக்குத் திரும்பலாம்.

1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவுக்கு வயிற்றில் புளி கரைந்தது. நம் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் போதவில்லை என்று முடிவு கட்டினார்கள். மறு வருஷமே சட்டம் போட்டுப் பள்ளிகளுக்குக் கருவிகள் வாங்கப் பணம் ஒதுக்கினார்கள். யுத்தம் முடிந்து பிறந்த குழந்தைகள் வேறு வகுப்பறைகளில் நிரம்பி வழிந்தார்கள். ஆசிரியர்கள் பற்றாக்குறை. ஃபோர்டு ஃபவுண்டேஷன் என்கிற பெரிய தர்ம ஸ்தாபனம், டிவிதான் தீர்வு என்று நம்பிக் கோடிக்கணக்கில் கொட்டியது.

முதலில் 1956-ல் மேரிலாண்டின் ஹேகர்ஸ்டவுன். ஸ்டூடியோவில் ஒரு ஆசிரியர், கேபிள் வழியாக மாவட்டத்தின் பள்ளிகளுக்குப் பாடம். இது ஓரளவு நன்றாகவே ஓடியது. ஒரே மாவட்டம். கேபிள். ஸ்டூடியோ ஆசிரியரும் அதே ஊர்க்காரர். வகுப்பாசிரியருக்குக் குறை என்றால் நேரே போய்ச் சொல்லலாம். தூரம் குறைவாக இருந்ததில் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால், ஒரு மாவட்டத்தோடு யார் திருப்தி அடைவார்கள்? விமானத்திலிருந்து டிவி ஒளிபரப்புவது என்ற யோசனை 1940களிலேயே வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் சார்லஸ் நோபல்ஸ் என்ற இன்ஜினீயருக்கு வந்திருந்தது. 1948-ல் குடியரசுக் கட்சி மாநாட்டை அப்படி ஒளிபரப்பியும் காட்டினார்கள். வியாபாரமாக அது எடுபடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த அந்த யோசனையைத் தட்டி எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். தரையில் கோபுரம் கட்டினால் ஐம்பது, அறுபது மைல். 23 ஆயிரம் அடியில் ஏற்றினால் ஆறு மாநிலம். கணக்கு பிரமாதம். லட்சக்கணக்கான பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். பழுதானால் மாற்றுக்கு என்று இரண்டாவது விமானமும் வாங்கி நிறுத்தினார்கள். இதைப் பாராட்டத்தான் வேண்டும். விமானத்துக்கு மாற்று விமானம் இருந்தது.

வகுப்பறைக்கு மாற்று?

பிரச்னைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒளிபரப்பு யு.ஹெச்.எஃப். அலைவரிசையில். 72, 76 என்று இரண்டு சேனல்கள். அன்றைக்குக் கடையில் விற்ற பெரும்பாலான டிவி பெட்டிகளில் யு.ஹெச்.எஃப். வராது. எல்லாப் பெட்டியிலும் இருந்தே தீரவேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டதே 1962-ல். அமலுக்கு வந்தது 1964-ல். ஆகவே பள்ளிகள் தனிப் பெட்டி, தனி ஆன்டெனா வாங்கவேண்டும். அடுத்தது கடிகாரம். ஒஹையோவில் ஒன்பது மணி என்றால் சிகாகோவில் எட்டு. இண்டியானாவுக்குள்ளேயே இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம் என்று அந்த நாளில் பெரிய குழப்பம். ஒரே விமானம், ஒரே டேப். ஒரு பள்ளிக்கு முதல் பீரியட், இன்னொரு பள்ளிக்குப் பிரேயர் நேரம், வேறொரு பள்ளிக்குப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும் நேரம்.

ஆக, டீச்சர் தன் பாடத் திட்டத்தை பிள்ளைகளைப் பார்த்து எழுத முடியாது. விமானத்தைப் பார்த்து எழுதவேண்டும். அதுவும் இன்றைக்கு விமானம் வந்தால் ஒரு பாடம், வராவிட்டால் வேறு பாடம் என்று இரண்டு எழுதி வைத்திருக்கவேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை எழுத எடுத்துக்கொண்ட நேரம் எந்த அறிக்கையிலும் செலவுக் கணக்கில் வரவில்லை. பெட்ரோல் வந்திருக்கும். பைலட் சம்பளம் வந்திருக்கும்.

கடைசியில் திட்டத்தைக் கவிழ்த்தது பனியோ, டேப்போ இல்லை. காசு. ஃபோர்டு ஃபவுண்டேஷன் எத்தனை நாள் கொடுக்கும்? பள்ளிகள் சந்தா கட்டட்டும் என்றார்கள். ஆகாயத்திலிருந்து விழும் சிக்னலுக்குக் கதவும் கிடையாது, பூட்டும் கிடையாது. ஆன்டெனா வைத்த யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மனசாட்சி உள்ளவர்கள் கட்டினார்கள். மற்றவர்கள் பார்த்தார்கள். கூடுதல் சேனல் வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டு, அதுவும் கிடைக்கவில்லை. 1968-ல் விமானம் பறப்பது நின்றது.

அதே சமயம், பசிபிக் கடலில் இதைவிடத் துணிச்சலான காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கன் சமோவா. தீவுகளின் கவர்னர் ரெக்ஸ் லீ. பள்ளிகளின் நிலைமை பரிதாபம், உள்ளூர் ஆசிரியர்களுக்கு ஆங்கிலமே சரியாக வரவில்லை என்று பார்த்தார். ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுத்து முடிக்க எத்தனை வருஷம் ஆகும்? டிவியைக் கொண்டுவந்துவிட்டார். 1964 அக்டோபரில் ஆரம்பம். ஆலாவா மலை உச்சியில் டிரான்ஸ்மிட்டர். அங்கே போகத் துறைமுகத்தின் குறுக்கே, கடலுக்கு மேலே, கம்பியில் தொங்கும் ரோப் கார். ஆறு சேனல்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியர்கள் ஸ்டூடியோவில் பாடம் நடத்த, கிராமத்துப் பள்ளியில் சமோவா ஆசிரியர் பக்கத்தில் நின்று, அதைத் தொடர்ந்து பயிற்சி கொடுக்கவேண்டும். 1966-ல் ஜனாதிபதி ஜான்சனே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

விமானத் திட்டத்தில் டிவி உதவிக்கு வந்தது. இங்கே டிவிதான் ஆசிரியர். நிற்கிற மனிதர் உதவியாள். எந்த நிமிஷத்தில் எதைச் சொல்லவேண்டும் என்பதுகூட கையேட்டில் அச்சாகி வந்தது. பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று அவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது. ஆனால், டிவி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. என்ன செய்வது? ஆரம்ப வகுப்புகளில் பலன் இருந்தது என்பது நிஜம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் அலுத்துவிட்டது. ஆசிரியர்களுக்கு அவர்களுக்கும் முன்னால். 1970களின் நடுவில் டிவி பாடத்தைப் போடுவதா, வேண்டாமா என்பதே ஆசிரியர்கள் கைக்கு வந்து, மெல்ல மெல்ல அந்த டிவியில் பாடம் குறைந்து பொழுதுபோக்கு ஏறியது.

இனி நம் ஊர்.

1975 ஆகஸ்ட் 1. எமர்ஜென்சி அமலுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நாஸாவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, இஸ்ரோ ஒரு காரியத்தை ஆரம்பித்தது. ‘சைட்’ என்று பெயர். விக்ரம் சாராபாய் கனவு கண்டு, 1969-ல் ஒப்பந்தமும் ஆகி, அவர் இறந்த பிறகு நிறைவேறியது. ஆந்திரா, கர்நாடகா, ஒரிஸ்ஸா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. நமக்கு அதே ஆகஸ்ட் 15-ல் சென்னை தூர்தர்ஷன் வந்துவிட்டது. அக்கரையில், கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் வீட்டு மாடியில் மட்டும் இஸ்ரோ ஒரு ஆன்டெனாவை வைத்துக்கொடுத்தது. செயற்கைக்கோள் தொடர்பைப் பற்றி முதலில் எழுதியவர் அல்லவா, மரியாதை.

கிராமங்களில் வைத்த ஆன்டெனாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பத்தடி விட்டம். கோழிக் கூண்டுக்குப் போடுவோமே, அந்தக் கம்பி வலையால் செய்தது. மழை, காற்று வலைக்குள் புகுந்து போய்விடும். விலை மலிவு. கெட்டுப்போனால் உள்ளூரிலேயே சரி செய்யலாம். டிவி பெட்டியை ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். செய்தது. கரண்ட் இல்லாத சில கிராமங்களுக்கு பேட்டரி. அமெரிக்காக்காரர்கள் விமானத்துக்கு மாற்று விமானம் வைத்தார்கள். நம் ஆட்கள், கெட்டுப்போகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு அதற்கேற்ப சாமானைச் செய்தார்கள். ரிப்பேருக்கென்று ஆட்களையும் வைத்தார்கள். எனக்கென்னவோ இந்தப் புத்திசாலித்தனம்தான் பெரிதாகத் தெரிகிறது.

காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிக்கூட நிகழ்ச்சி. ஹிந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா என்று நான்கு மொழிகள் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். ஆக, ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிஷம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து அதே இருபத்திரண்டரை நிமிஷம்தான். நம் கிராமத்துப் பள்ளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கூடம், ஒன்றோ இரண்டோ ஆசிரியர், ஐந்து வகுப்பு. டிவியில் வருவது மூன்றாம் வகுப்புக்குப் புரியும் என்றால் ஐந்தாம் வகுப்பு கொட்டாவி விடும், ஒன்றாம் வகுப்பு பக்கத்துப் பையனைக் கிள்ளும். வாத்தியார் ஐந்துக்கும் சேர்த்துப் பாடம் யோசிக்கவேண்டும். கரண்ட் போனால் ஐந்துக்கும் சேர்த்து வேறு பாடம்.

சைட்டில் உருப்படியாக நடந்த விஷயம் என்று நான் நினைப்பது வேறு. அதை பிள்ளைகளுக்குப் போட்டதோடு விடாமல், வாத்தியார்களுக்கும் போட்டார்கள். லீவு நாட்களில், பன்னிரண்டு நாள் பயிற்சியாக, இரண்டு தவணையில் சுமார் 50 ஆயிரம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். அக்கம்பக்கத்தில் கிடைக்கும் சாமானை வைத்து அறிவியல் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பது பாடம். அதாவது, டிவி இல்லாத நாளில் என்ன செய்வது என்பதை டிவி மூலமாகவே கற்றுக்கொடுத்தார்கள்! 1976 ஜூலை 31-ம் தேதியோடு ஒரு வருஷம் முடிந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த சூடு ஆறுவதற்குள் செயற்கைக்கோள் தன் வழியே கிளம்பிப் போய்விட்டது. வாத்தியார் கற்றுக்கொண்டது மட்டும் அவரிடமே இருந்தது.

லாரி க்யூபன் என்று ஒருவர். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்தவர். அதற்கு முன் பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர் என்பதுதான் முக்கியம். 1986-ல் ‘ஆசிரியர்களும் இயந்திரங்களும்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். சினிமா, ரேடியோ, டிவி மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தவருக்கு ஒரே கதை மூன்று தடவை நடந்தது தெரிந்தது. முதலில் ஆகா, ஓகோ. பிறகு ஆராய்ச்சி. பிறகு பெட்டி வேலை செய்யவில்லை என்கிற புகார். கடைசியில் எல்லாம் ஆசிரியர்களால் என்ற தீர்ப்பு. நான்காவதாகக் கம்ப்யூட்டர் உள்ளே வந்துகொண்டிருந்த நேரம் அது. நம் நாட்டிலும் 1984-ல் பி.பி.சி. மைக்ரோ என்கிற கம்ப்யூட்டரைப் பள்ளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். விலையுயர்ந்த சாமானாயிற்றே என்று பூட்டி வைத்து, சாவியைத் தலைமை ஆசிரியர் இடுப்பில் செருகிக்கொண்ட கதைகளை அந்தத் தலைமுறை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிற்பாடு நடந்ததெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். 2004-ல் எஜுசாட் என்று கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோளை இந்தியா ஏவியது. 2013-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் அத்தனை மாணவர்களுக்கும் ஐபேட் என்று பில்லியன் டாலருக்கு மேல் திட்டம் போட்டு, பிள்ளைகள் பூட்டை உடைத்து ஃபேஸ்புக் பார்க்க ஆரம்பித்து, மறு வருஷமே கையை உதறியது. சரித்திரம் இங்கே வேகமாகத்தான் ஓடுகிறது. கதை பழசு.

ஜெயித்த இயந்திரமே கிடையாதா என்றால், உண்டு. ஓவர்ஹெட் புரொஜெக்டர். யாரும் அதைப் பற்றிப் பேட்டி கொடுக்கவில்லை, வானத்தில் பறக்கவிடவில்லை. அமெரிக்காவில் பௌலிங் விளையாட்டுக் கூடங்களில் ஸ்கோர் காட்ட வைத்திருந்த சமாசாரம். உலக யுத்தத்தில் ராணுவம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1950களில் மெல்லப் பள்ளிகளுக்கு வந்து, அரை நூற்றாண்டு நகராமல் உட்கார்ந்துவிட்டது. காரணம் எளிமை. விளக்கை அணைக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்ட வேண்டாம். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், மேலே கிறுக்கலாம், அழிக்கலாம். எந்தப் பாடம், எத்தனை மணிக்கு என்பது ஆசிரியர் இஷ்டம். பல மாடல்களில் உள்ளேயே இன்னொரு பல்பு வைத்திருப்பார்கள். ஒன்று போனால் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும், அடுத்தது எரியும். அதைச் செய்த புண்ணியவான் நிச்சயம் ஒரு தடவையாவது வகுப்பறையில் நின்றிருக்கவேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். நடுநிலைப் பள்ளியில் அறிவியல். ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு விசாரித்தேன்.

“வந்துடுச்சு தம்பி. நல்லாத்தான் இருக்கு. நெட் வர்ற அன்னிக்கு ஜோர்.”

“வராத அன்னிக்கு?”

“அதுக்குத்தான் நோட்ஸ் ஆஃப் லெசன் ரெண்டா எழுதறேன். ஒண்ணு ஹெச்.எம். கையெழுத்துக்கு. அதுல போர்டு, வீடியோ எல்லாம் வரும். இன்னொண்ணு எனக்கு.”

இரண்டாவதில் இந்த வாரம் என்ன என்று கேட்டேன். நுரையீரல் பாடமாம். கைப்பையைத் திறந்து காட்டினார். அடிப்பக்கம் அறுத்த தண்ணீர் பாட்டில், ரெண்டு ஸ்ட்ரா, சிவப்பில் ரெண்டு பலூன், அடியில் கட்ட ஒரு பெரிய பலூன்.

“பத்து நாளா பையிலேயே கெடக்கு. எப்ப வேணும்னு தெரியாதில்ல? பலூன் மட்டும் வெயிலுக்கு ஒட்டிக்குது. ரெண்டு தடவை மாத்திட்டேன்.”